ஒற்றை வெடி

யோகலிங்கத்தைப் பட்டறையில் எல்லோரும் யோகி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி லோமன் முதல் நாளே முழுப்பெயரையும் மூன்று தடவை சொல்லிப் பார்த்து, மூன்று தடவையும் நடுவழியில் தடுக்கி விழுந்து, கடைசியில் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிட்டார். பதினான்கு வருடமாக அதுவே நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி இல்லாமல் சோற்றில் கை வைக்காத இந்த யோகி, கொலோனுக்குக் கிழக்கே மலைச்சரிவில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் கைத்துவக்குச் செய்துகொண்டிருந்தான்.

துவக்கு என்றால் துப்பாக்கி. கைத்துவக்கு என்றால் பிஸ்டல். ஆனால் லோமன் பட்டறையின் கைத்துவக்கு, படங்களில் கதாநாயகன் இடுப்பிலிருந்து உருவுகிற சாமான் அல்ல. முழங்கை நீளத்துக்குக் குழல், வால்நட் மரத்தில் பிடி, மேலே தொலைநோக்கி. பின்பக்கத்தில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஓர் இரும்புத் தண்டு. அதைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, ஒரு தோட்டாவை வைத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். உள்ளே போவது ஒரே ஒரு தோட்டா. சுட்ட பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அவசரக்காரனுக்கு இது ஒன்றுக்கும் உதவாது.

செய்ததில் பாதி அமெரிக்காவுக்குப் போகும். அங்கே அதை வைத்து மானும் பன்றியும் வேட்டையாடுவார்கள். ஜெர்மனியில் பிஸ்டலோடு வேட்டைக்குப் போகச் சட்டம் விடாது. அதனால் உள்ளூரில் வாங்குகிறவர்கள் நூறு மீற்றரில் ஒட்டிய இலக்குக் கடதாசியையும் இருநூறு மீற்றரில் நிறுத்திய இரும்புச் செம்மறியாட்டையும் சுட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

யோகலிங்கத்தின் வேலை அந்தத் தாழ்ப்பாள். அதன் முன்முனையில் மூன்று பற்கள் இருக்கும். மூன்றும் ஒரே அழுத்தத்தில் உட்காரவேண்டும். நீல மை பூசி, பூட்டித் திறந்து, எந்தப் பல்லில் மை அழிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கவேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அந்தத் தாழ்ப்பாள் குப்பைக்குத்தான். துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவன், பட்டறையில் தரை கூட்ட வந்தவன், ஒரு நாள் சும்மா தொட்டுப் பார்த்த தாழ்ப்பாளில் மயங்கிப்போய்விட்டான். மனிதரைச் சுடுவதற்கு லாயக்கில்லாத துவக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சங்கத்தில் சேர்ந்து, பரீட்சை எழுதி, சுடுகிற அனுமதி அட்டையும் எடுத்தான். சனிக்கிழமைகளில் தன் கையால் தேய்த்த பிஸ்டலால் கடதாசி சுட்டான். அவனுடைய மனைவி புஸ்பவதி, "மற்ற ஆம்பிளையள் சீட்டாடுவினம், இவர் கடதாசிக்கு ஓட்டை போடுவார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

2009 ஜனவரியில் அந்த அட்டைக்கு ஆபத்து வந்தது. ஆயுத அனுமதி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். உங்கள் நம்பகத்தன்மையில் சந்தேகம் எழுந்திருக்கிறது, அனுமதியை இரத்துச் செய்யவும் எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாதென்று தடைவிதிக்கவும் யோசிக்கிறோம், உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். காரணம், கொலோனில் ஒரு வீட்டுச் சோதனையின்போது கிடைத்த, உங்கள் கைப்பட எழுதிய ஒரு கடிதம்.

தடை வந்தால் வேலையும் போய்விடும். துவக்கைத் தொடக்கூடாதவனுக்குத் துவக்குப் பட்டறையில் என்ன வேலை? நாற்பத்தாறு வயதில், வேறெதற்கும் பழகாத கையோடு, அவன் எங்கே போவான்?

எந்தக் கடிதம் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. வாழ்க்கையில் அவன் கவனமாக உட்கார்ந்து எழுதியது ஒரே ஒரு கடிதம்தான்.

அது 2005இல் எழுதியது. அவனுடைய அண்ணன் சோதிலிங்கம் கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அவருடைய ஒரே மகன் பதினொரு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்ட சண்டைக்கு நடுவே அகப்பட்டுச் செத்துப்போனான். அதற்குப் பிறகு துவக்கு என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சமாதான காலத்தில் கொலோனிலிருந்து ஊருக்குப் போய்வந்த சிநேகிதன் மரியரட்ணம், இருக்கிற செய்திகளோடு ஒரு புதினமாக அண்ணனிடம், "உம்மட தம்பி துவக்குச் செய்யிற இடத்திலயெல்லே வேலை" என்றும் போட்டுவைத்துவிட்டான். அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "உண்மையோடா?" என்று கேட்டார். யோகலிங்கம் "ஓம் அண்ணை, ஆனால்..." என்று தொடங்குவதற்குள் வைத்துவிட்டார். பிறகு எத்தனை முறை எடுத்தும் பேசவில்லை.

ஆகவே எழுதினான். ஒரு சனி, ஒரு ஞாயிறு முழுக்கக் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதினான். இராணுவச் சாவடிகளில் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயம் அவனுக்கு இருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டான். தாழ்ப்பாள் திறந்து மூடுகிற விதத்தைத் துவக்கின் இயக்கம் என்று எழுதலாம், அதுதான் நல்ல தமிழ். ஆனால் ஊரில் இயக்கம் என்றால் ஆயுதம் தூக்கிய போராளிகள்; துவக்குக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைக்க எந்த யாழ்ப்பாணத்தானுக்குத் துணிவு வரும்? அந்தச் சொல்லை வெட்டிவிட்டுத் தாழ்ப்பாள் என்றே எழுதினான். தன் புத்தியை மெச்சியும் கொண்டான்.

மறுபடி ஊருக்குப் போகவிருந்த மரியரட்ணத்திடம் கடிதத்தைக் கொடுத்தான். அந்த முறை மரியரட்ணத்தின் பயணம் தவறிப்போனது. வாய்க்கு வந்த புதினத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன், கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்தே போனான். கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை, கொடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பதில் வராததைப் பார்த்து, அண்ணன் மன்னிக்கவில்லை என்று யோகலிங்கம் நாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்தான். மரியரட்ணம் ஏதோ ஒரு தமிழ்ச் சங்கத்தில் செயலாளர் ஆனான். சங்கத்தின் பேரில் ஏதோ விசாரணை வந்தது. பொலிஸ் அவன் வீட்டு லாச்சியை இழுத்தது. ஒட்டியபடியே கிடந்த உறையை முதன்முதலாகப் பிரித்தது அவர்கள்தான்.

அவன் அமர்த்திய வழக்கறிஞர் அம்மா வழக்குக் கோப்பை எடுப்பித்து மேசையில் விரித்தார். ஒரு பக்கம் அவனுடைய கையெழுத்து. மறுபக்கம் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அவன் எழுதியிருந்தது இது:

"அண்ணை, நான் செய்யிறது கைத்துவக்கு. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. தாழ்ப்பாள் போட்ட கைத்துவக்கு, ஒற்றை வெடி. இதைக் கொண்டு நேருக்கு நேர் சண்டை பிடிக்க ஏலாது. அமெரிக்காக்காரன் மானுக்கு வெடி வைக்கிறான். நான் பேப்பருக்கு வெடி வைக்கிறன். போன கிழமை பத்துக்குப் பத்து. வாற மாதம் கொலோனில பெரிய போட்டி. அங்கை சரியா வைச்சால் எனக்கும் ஒரு பேர் வரும்."

ஜெர்மனில் இருந்தது இது: "அண்ணா, நான் தயாரிப்பது கையால் தூண்டும் வெடிபொறி. ஆனால் நீங்கள் நினைக்கும் வகை அல்ல. தாழ்ப்பாள் பொருத்திய வெடிபொறி, ஒற்றைக் குண்டு. இதைக்கொண்டு நேருக்கு நேர் போரிட முடியாது. அமெரிக்கர் மான்களுக்குக் குண்டு வைக்கிறார்கள். நான் செய்தித்தாளுக்குக் குண்டு வைக்கிறேன். சென்ற வாரம் பத்துக்குப் பத்து. அடுத்த மாதம் கொலோனில் பெரிய போட்டி. அங்கே சரியாக வைத்தால் எனக்கும் பெயர் கிடைக்கும்."

நேருக்கு நேர் போரிட முடியாது என்ற வரியின் கீழே யாரோ சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பக்கவாட்டில், "மறைந்திருந்து தாக்குவதற்கோ?" என்று ஒரு குறிப்பு.

யோகலிங்கம் முதலில் சிரித்தான். வழக்கறிஞரும் கொஞ்சம் சிரித்தார். இரண்டாம் தடவை வாசித்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளை வழக்கறிஞர் பக்கம் தள்ளினான்.

"எந்தச் செய்தித்தாள் அலுவலகத்திலும் ஒன்றும் வெடிக்கவில்லை," என்றார் வழக்கறிஞர். "குற்ற விசாரணை தானாகவே விழுந்துவிடும். அலுவலகமும் இந்தப் பைத்தியக்காரக் கடிதத்தை நம்பி அதிக தூரம் போகாது. பொறுத்திருங்கள்."

"மொழிபெயர்ப்புப் பிழை. திருத்தவேண்டும்."

"திரு யோகலிங்கம், சரியாக மொழிபெயர்த்தாலும் இது கலியாண அழைப்பிதழ் ஆகிவிடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தொடமாட்டேன்."

அவன் கேட்கவில்லை. தன் தமிழை ஒருவர் இப்படி நாசம் செய்துவிட்டாரே என்ற கோபம் அவனுக்கு. மொழிபெயர்ப்பின் அடியில் இருந்த வட்ட முத்திரையில் பெயரும் விலாசமும் இருந்தன. வசுந்தரா, பான் நகரம். அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறிவிட்டான்.

அவள் கதவைச் சங்கிலியோடு ஒரு சாண் மட்டும் திறந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். உள்ளே சாம்பார் கொதிக்கிற மணம். அவன் பெயரைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. வெடிபொறி செய்கிறவன் என்று அவளே எழுதிக்கொடுத்த ஆள் வாசலில் நிற்கிறான், பாவம், அவளும் என்ன செய்வாள்.

"சார், நீங்க இங்க வரக்கூடாது. நான் போலீஸுக்கு ஃபோன் பண்ணுவேன்."

"பண்ணுங்கோ பிள்ளை. அதுக்கு முன்னம் ஒரு கேள்வி. துவக்கு எண்டா என்ன?"

"துவக்குன்னா... ஸ்டார்ட் பண்றது. ஆரம்பிக்கிறது."

"எங்கட ஊரில துவக்கு எண்டா துப்பாக்கி."

அவள் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றாள்.

"வெடி எண்டா?"

"பட்டாசு. இல்லன்னா பாம். எங்க ஊர்ப் பக்கம் கல் குவாரியில பாறைக்கு வெடி வைப்பாங்க."

"எங்களுக்கு வெடி எண்டா துவக்குச் சூடு. வெடி வைக்கிறது எண்டா சுடுறது. நான் பேப்பருக்கு வெடி வைச்சன் எண்டால், கடதாசியில படம் ஒட்டிச் சுட்டன். பத்துப் புள்ளி. அவ்வளவுதான் பிள்ளை. போட்டி, மெடல் குடுக்கிற போட்டி."

வசுந்தரா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். போய்விட்டாள் என்று அவன் திரும்பும்போது சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது, கதவு முழுதாகத் திறந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திருச்சியில் பிறந்தவளாம். கணவன் இங்கே கம்ப்யூட்டர் வேலை. மொழிபெயர்ப்பாளர் முத்திரை எடுத்து இரண்டு வருடம். சென்னையிலிருந்து வரும் கலியாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் அதுவரை மொழிபெயர்த்தவள். இலங்கைத் தமிழில் அவள் கையில் வந்த முதல் தாள் இதுதான். கைத்துவக்கு என்ற சொல்லை எந்த அகராதியிலும் காணாமல், கையையும் துவக்கையும் பிரித்து வைத்து இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். பக்கத்தில் வெடி என்று இருந்தது. வெடியைக் கையால் துவக்குகிற ஒன்று என்று முடிவு கட்டிவிட்டாள்.

"யாரையாச்சும் ஒருத்தரக் கேட்டிருக்கலாம் சார். போலீஸ் பேப்பர், கான்ஃபிடென்ஷியல்னு சொன்னாங்க. தமிழ்தானே, நமக்குத் தெரியாதான்னு ஒரு கர்வம். உங்க லைஃபையே நான்..."

"அழாதேங்கோ. திருத்தி எழுதித் தாங்கோ, அது போதும்."

அவனுடைய கோபம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் ஒன்றும் விடவில்லை. முதல் பக்கத்தோடு நிற்காமல் நாலு பக்கத்தையும் புதிதாக எழுதினாள். பின்பக்கங்களில் பல் என்று அவன் எழுதியதை வாய்ப் பல் என்று நினைத்துத் தடுமாறி, முன்பு அரைகுறையாக விட்டிருந்தாள். இப்போது தாழ்ப்பாளின் மூன்று பற்கள், நீல மை, குழலின் நீளம், இருநூறு மீற்றரில் தோட்டா எவ்வளவு விழும் என்பது எல்லாமே துல்லியமான ஜெர்மனில் வந்து உட்கார்ந்தன. அண்ணன் இரும்புவேலை தெரிந்த மனிதர், விளக்கமாகச் சொன்னால் நம்புவார் என்று யோகலிங்கம் அன்றைக்கு ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எழுதியிருந்தான். கடைசி வரியையும் அவள் விடவில்லை: "இது மனிசரைச் சுடுகிற சாமான் இல்லை அண்ணை. உங்கட பிள்ளையின்ர பேரில சத்தியம்."

அந்த வரியை மொழிபெயர்க்கும்போது அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

திருத்தம் மார்ச் முதல் கிழமை அலுவலகத்துக்குப் போனது. வழக்கறிஞர் ஒரு பெருமூச்சோடு அனுப்பிவைத்தார். அதே கிழமையில் யோகலிங்கம் பட்டறையில் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்தான். லோமன், "யோகி, என்ன, லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ?" என்று கேட்டார். அடுத்த கிழமை, தெற்கே ஒரு சின்ன ஊரில் ஒரு இளைஞன் தகப்பனின் பிஸ்டலை எடுத்துக்கொண்டு தன் பழைய பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சுட்டுக் கொன்றான். நாடு முழுக்க அழுதது. பட்டறையிலும் வானொலியை நிறுத்திவிட்டு எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். தன் அண்ணன் மகனை நினைத்து யோகலிங்கமும் நின்றான். இந்தச் சாவுக்கும் தனக்கும் ஒரு நூல் தொடர்பு இருக்கிறதென்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

மார்ச் இருபத்தாறு, அலுவலகத்தில் நேரில் வரச்சொன்ன டெர்மின். அலுவலர் நல்ல மனிதர். எழுந்து கை கொடுத்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"வெடிகுண்டு விஷயம் முடிந்தது. குற்ற விசாரணையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உண்மையைச் சொன்னால், அதை நான் ஒரு நாளும் நம்பவில்லை. செய்தித்தாளுக்குப் பத்துக்குப் பத்துக் குண்டு!"

யோகலிங்கம் சிரித்தான். வழக்கறிஞர் சிரிக்கவில்லை.

"ஆனால் இப்போது என் மேசையில் சரியான மொழிபெயர்ப்பு இருக்கிறது," என்றார் அலுவலர். "முந்தியது உளறல். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. இது உளறல் அல்ல. ஒரு பிஸ்டலின் பூட்டு எப்படிச் செய்யப்படுகிறது, எத்தனை பற்கள், குழல் எப்படிப் பொருத்துவது, இருநூறு மீற்றரில் எங்கே படும் என்பதெல்லாம் நாலு பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். அனுப்பியது எங்கே?"

"என் அண்ணனுக்கு."

"எந்த ஊருக்கு?"

"கிளிநொச்சி."

அலுவலர் ஒரு தாளைத் திருப்பினார். "அந்த ஊர் அப்போது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது?"

பதில் ஒரே சொல்தான், இயக்கம். அந்தச் சொல்லைத்தானே அவன் கடிதத்திலிருந்து அவ்வளவு பாடுபட்டு வெட்டி எறிந்தான்.

"அவர் சைக்கிள் திருத்துகிறவர். மகனைத் துவக்குச் சூட்டுக்குப் பறிகொடுத்தவர். கடிதம் போய்ச் சேரவும் இல்லை. கடைசி வரியை வாசியுங்கள்."

"வாசித்தேன். நான் உங்களை நம்புகிறேன், திரு யோகலிங்கம். ஆனால் நான் நம்புவது கோப்பில் ஏறாது. கோப்பில் இருப்பது ஓர் ஆயுதத் தொழிலாளி, ஆயுத விவரம், அந்த விலாசம். சாதாரண காலமாக இருந்தால் கூட இது கஷ்டம். இந்த மாதத்தில், இந்த நாட்டில், ஒரு பிஸ்டல் அனுமதியைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட எந்த அலுவலகத்திலும் ஒரு ஆள் இல்லை."

வெளியே வந்ததும் வழக்கறிஞர் மேன்முறையீடு, நீதிமன்றம், ஒன்றரை வருடம் என்று ஏதேதோ சொன்னார். "நான் அப்போதே சொன்னேன்" என்று மட்டும் சொல்லவில்லை. அதற்காக அவன் அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னான். பிழையான மொழிபெயர்ப்பு அவனைக் காப்பாற்றியிருக்கும். தானே ரயில் ஏறிப் போய், தானே வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து, தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டான். இதை யாரிடம் போய் முறையிடுவது?

தடைக் கடிதம் ஏப்ரல் பதினைந்தாம் தேதி வந்தது. எந்த ஆயுதத்தையும், ஆயுதத்தின் எந்த முக்கிய பாகத்தையும் கையாளக்கூடாது. தாழ்ப்பாள் சட்டப்படி முக்கிய பாகம். அவனுடைய பிஸ்டலை லோமன் தன் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொண்டார். பாதி தேய்த்த தாழ்ப்பாள் ஒன்று அவனுடைய மேசையில் கிடந்தது. இரண்டு பற்களில் மை அழிந்திருந்தது, மூன்றாவதில் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு மணி நேர வேலை. யோகலிங்கம் கையை நீட்டினான்.

"யோகி," என்றார் லோமன். "வேண்டாம். என்னுடைய அனுமதியும் போய்விடும். இங்கே இன்னும் ஆறு பேர் பிழைக்கிறார்கள்."

அவர் அழுதார். எழுபது வயதுக் கிழவர், எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு அழுதார். யோகலிங்கம் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வேலைத் துணியை மடித்து வைத்துவிட்டுப் பேருந்தில் வீட்டுக்கு வந்தான். புஸ்பவதி அன்றைக்குச் சிரித்துப் பகிடி ஒன்றும் விடவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருந்தாள்.

மே மாதத் தொடக்கத்தில் அண்ணி கூப்பிட்டாள். வன்னிச் சண்டைக்குள் இருந்து தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். யாருடையதோ கைத்தொலைபேசி, மூன்று நிமிடம்தான் தருவார்களாம்.

"தம்பி, உங்கட அண்ணை போயிட்டார். மாசி மாசம். பங்கருக்கு மேல ஷெல் விழுந்தது."

எந்த நாள், எந்த இடம் என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் அப்படியே போனது.

"அண்ணி, என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"முதல்ல கோவம்தான். பிறகு, அவன் ஒரு கடிதமாவது போடுவான், விளக்கம் சொல்லுவான் எண்டு பார்த்துக்கொண்டிருந்தவர். தபால்காரனைக் கண்டால் கடையை விட்டு எழும்பிப் போவார். ஒரு வருசம் பார்த்தார். பிறகு விட்டிட்டார்."

தொலைபேசியை வாங்கிவிட்டார்கள். யோகலிங்கம் புஸ்பவதியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் தலையில் அடித்துக் குழறி அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடிதத்தைப் பொலிஸ் வாசித்தது, வழக்கறிஞர் வாசித்தார், அலுவலர் வாசித்தார், திருச்சிக்காரப் பெண் ஒருத்தி இரண்டு தடவை எழுதினாள். வாசிக்க வேண்டிய ஒருவர் கடை வாசலில் ஒரு வருடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார் என்பதை மட்டும் அவன் மறுபடியும் மறுபடியும் நினைத்துக்கொண்டிருந்தான்.

நாலு நாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. புஸ்பவதி வேலைக்குப் போயிருந்தாள். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருந்து பழகாத யோகலிங்கம் எடுத்தான்.

"சார், நான் வசுந்தரா. பான்ல இருந்து. சாரி, டிஸ்டர்ப் பண்றேன். மூணு மாசமா கேக்கணும் கேக்கணும்னு பயந்துட்டே இருந்தேன். எல்லாம் சரியாயிடுச்சா சார்?"

 உண்மையைச் சொல்ல அவன் வாயெடுத்தான். அவள் கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு கண்ணில் வந்தது. திருத்திய நாலு பக்கத்தையும் பிழையில்லாமல் எழுதிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அன்றைக்குப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்து வழியனுப்பிய பெண் அவள்.

"ஓம் பிள்ளை," என்றான். "எல்லாம் சரி வந்திட்டுது."

"நிஜமாவா? கார்டு திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"தந்திட்டினம்."

"வேலை?"

"போகுது. இண்டைக்கு லீவு."

"அப்பாடா! தேங்க் காட் சார். நான் ஒழுங்காத் தூங்கியே மூணு மாசம் ஆச்சு. இப்பல்லாம் உங்க ஊர்த் தமிழ் கத்துக்கறேன், கொலோன்ல ஒரு அக்காகிட்ட." அவள் மூச்சு வாங்கிச் சிரித்தாள். "அந்த லெட்டர்? அதையும் அண்ணாவுக்கு அனுப்பிட்டீங்களா? அவ்வளவு அழகான லெட்டர் சார். அவர் படிக்கணும்."

"அனுப்பிட்டன்."

"படிச்சாரா? என்ன சொன்னார்?"

யோகலிங்கம் சுவரைப் பார்த்தான். அண்ணன் அந்தக் கடிதத்தைப் பிரித்திருந்தால் என்ன செய்திருப்பார்? பேப்பருக்கு வெடி வைக்கிறேன் என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தியிருப்பார். தம்பி இன்னும் பழைய பைத்தியக்கார விசரன்தான் என்று நினைத்திருப்பார். கிறீஸ் பிடித்த கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்திருப்பார்.

"சிரிச்சவராம்," என்றான். "வாசிச்சிட்டு நல்லாச் சிரிச்சவராம்."

அந்தப் பக்கத்தில் வசுந்தராவும் சிரித்தாள். நன்றி சார், நன்றி சார் என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். யோகலிங்கம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்தான். சாவுச் செய்தி கேட்ட அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது.